ஜூரிக்குப் போன கறுப்பு சூட்

டுலூத்,
மார்ச் மாதம், பனி இன்னும் விடவில்லை.

பேரன்புமிக்க எட்னா அக்காவுக்கு, தம்பி லைல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அரிசோனா வெயிலில் தங்கள் முழங்கால் நலமா?

ஜூரியில் உட்கார வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ‘தகுந்த உடை’யில் வர வேண்டுமாம். மொரீன் இருந்தவரை எனக்குத் தகுந்தது எதுவென்று அவள்தான் கட்டில்மேல் எடுத்து வைப்பாள். அலமாரியைத் திறந்தால் மீன்பிடிக்கப் போகிற சட்டைகளும், அவளை அடக்கம் செய்த அன்று போட்ட கறுப்பு சூட்டும்தான். நீதிமன்றத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி. நிறத்தைக் கேட்டேன், டை அவசியமா என்று கேட்டேன், மறுநாள் கூப்பிட்டுக் காலுறையைப் பற்றியும் கேட்டேன். “சார், சட்டைன்னு ஒண்ணு போட்டுட்டு வந்தா போதும்” என்று வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு ராஸ்கோ பனியை வாரிக்கொண்டே, “உன்னை யாருய்யா பாக்கப் போறா?” என்றான். அந்தக் கோபத்தில்தான் சூட்டைப் போட்டேன். உடம்பு இளைத்ததில் கால்சட்டை நிற்கவில்லை. தோள்பட்டை வார் மாட்டினேன்.

போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் ஜீன்ஸ். ஒருத்தி தூங்குகிற பைஜாமாவிலேயே வந்திருந்தாள். நடைவழியில் என் வயதுள்ள ஒரு அம்மாள் நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் சோல்வெய்க். அவர் வளர்த்த லைலாக் மரத்தை எதிர்வீட்டுக்காரன் வெட்டிவிட்டானாம், அதற்குத்தான் வழக்காம். “வக்கீலய்யா, ஜெயிச்சிருவோமா?” என்றார். நான் வக்கீல் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கையை விட்டுவிடுவாரே அக்கா. அடக்கத்துக்கு அப்புறம் என் கையை யாரும் பிடித்ததில்லை. “கவலைப்படாதீங்கம்மா, ஜெயிச்சிருவோம்” என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்ததே அந்த வழக்கின் ஜூரிக் கூண்டில். அந்த அம்மாள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். இரு தரப்பில் யாரையாவது தெரியுமா என்று நீதிபதியம்மா கேட்டார். எழுந்து, “அவங்க ஜெயிப்பாங்கன்னு வெளிய வாக்கு குடுத்துட்டேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “நீங்க வீட்டுக்குப் போகலாம்” என்றார் நீதிபதி. போனேன். ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி அந்தக் கட்டடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். வீட்டில் இருப்பதே எனக்கு நிம்மதி. என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். தங்களுக்கும் அத்தானுக்கும் ஆண்டவன் நல்ல சுகம் தரட்டும்.

தங்கள் தம்பி,
லைல் எங்ஸ்ட்ராம்

பி.கு.: பகலில் போன் செய்ய வேண்டாம், நான் வீட்டில் இருப்பதில்லை. விசாரணையைப் பார்க்கப் பின்வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். மதிய இடைவேளையில் சோல்வெய்க் தன் முட்டை சாண்ட்விச்சில் பாதியைத் தந்து, “வக்கீலும் இல்ல, ஜூரியும் இல்ல, அப்ப நீங்க யாருங்க?” என்று கேட்டார். சும்மா வந்தேன் என்றேன். தீர்ப்பு வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். ஆகட்டும்.