கோரஸ் டீச்சர் பதில் சொன்ன குரல்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரை ஜின்னுக்குப் பயப்படாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கோரஸ் டீச்சரின் வாய்க்குப் பயப்படாத ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. நானும் படிப்பிக்கும் பாடசாலையில் அவர் நாடகமும் அரங்கியலும் படிப்பித்தார். பழைய கிரேக்க நாடகங்களில் மேடையில் ஒரு கூட்டம் நிற்குமாம். வரப்போகும் கெடுதியை முன்கூட்டியே சொல்லிப் புலம்புவதுதான் அந்தக் கூட்டத்தின் வேலை. அதன் பெயர் கோரஸ். எங்கள் டீச்சர் அந்த வேலையைத் தனி ஆளாக, சம்பளமும் இல்லாமல் பார்த்து வந்தார்.

அதிபர் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. டீச்சர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், கிரேக்க ஆக்கள்ட நாடகத்தில தலைக்கனத்தோட உள்ளுக்கு வாறவன் வெளிய போகக்குள்ள நொண்டிக்கிட்டுத்தான் போவான்."

"இது நாடகமில்ல டீச்சர், ஷோரூம்ல எடுத்த பைக்" என்றார் அதிபர்.

பின்னேரம் கபுறுகள் இருக்கும் மையவாடி வளைவில் மணல் சறுக்கி விழுந்தார். மறுநாள் ஸ்டோர் ரூம் சாவி காணாமற்போய் அவர் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது, டீச்சர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "கொலகாரனத் தேடின ராசா கடைசில தன்னையே பிடிச்ச கதை ஒண்டு இரிக்கி சேர்." சாவி அதிபரின் காற்சட்டைப் பையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வண்டியை எங்கள் ஆசிரியர் அறையைக் கடக்கும்வரை உருட்டிக்கொண்டே போவார். எங்கள் விதி டீச்சரின் கையில் இருக்கிறது என்றே நாங்கள் எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்தோம்.

இருந்தும் இடைவேளையில் அவரைச் சுற்றித்தான் உட்காருவோம். பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பணிஸும் கையில் இருக்க, கிரேக்கக் கதை ஓடும். கணக்கு சேருக்கு எதையும் கேள்வி கேட்காமல் விழுங்க முடியாது. போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் கடலில் வருஷக்கணக்காக அலைந்த ஒருவனின் நெடுங்கதை டீச்சருக்கு உயிர். ஊரே அவனை மௌத்தாகிவிட்டான் என்றபோதும் அவன் உயிரோடு வீடு வந்து சேர்ந்தான்.

"உலகத்தில எல்லாரும் அப்பிடி வாறல்லயே டீச்சர்" என்பார் கணக்கு சேர்.

"அவன் வந்தானே. அது போதும்" என்பார் டீச்சர்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஆழ்கடலுக்குப் போன அவருடைய தம்பி திரும்பவில்லை. கவிழ்ந்து கிடந்த வள்ளத்தை மட்டும் வேறு படகுக்காரர் இழுத்து வந்தார்கள். மாதங்கள் போன பிறகு, உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை தொழலாம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். டீச்சர் கூடாது என்றார். டீச்சர் மதினி சம்மதிக்காமல், விதவைகள் ஒதுங்கி இருக்கும் இத்தா நான் இருக்கமாட்டேன் என்று தம்பியின் மனைவி சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை விதவையாகவும் இல்லாமல் மனைவியாகவும் இல்லாமல், வீட்டுக்குள் நிழல் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குச் சற்று முன் டீச்சர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அந்த நேரத்தில் ஒரு தரம் மட்டும் கூப்பிடும் குரலுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பதில் கொடுப்பதில்லை. உயிருள்ள மனிதன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான் என்பது கணக்கு. கரையில் யாரும் இல்லை. அலை உடையும் இடத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ராத்தா."

தம்பி அக்காவைக் கூப்பிடும் சொல். ஒரே ஒரு தரம்தான். நான் டீச்சரின் பின்னால் ஒதுங்கினேன். டீச்சரோ வாசலில் நிற்கும் ஆளுக்குச் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்: "இஞ்சதான்டா இரிக்கன். வா."

"காத்து, டீச்சர்" என்றேன்.

"காத்துக்கு ராத்தா எண்டு கூப்பிடத் தெரியுமா புள்ள? நான் ஒவ்வொரு நாளும் பதில் சொல்றன். சொல்லாட்டி அவன் போயிருவான்."

அடுத்த வாரம் இடைவேளையில் அதே நெடுங்கதையைத் தொடர்ந்தார். கடலில் அலைந்தவன் வழி கேட்பதற்காக மௌத்தானவர்களின் நாட்டுக்குப் போகிறான். அங்கே முதலில் எதிரே வந்து நிற்பவன் அவனோடு கப்பலில் இருந்த ஒருவன். மௌத்தான அவனை அடக்கம் செய்யாமலே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு மண் போடு, நான் பிடித்த துடுப்பை அதன்மேல் நட்டு வை என்று கெஞ்சுகிறான்.

கணக்கு சேர் வழக்கம்போல ஒன்றும் அறியாமல் கேட்டார்: "அப்ப அவன் கரையிலயே நிண்டுக்கிட்டா இரிக்கான்? ஏன் உள்ளுக்குப் போகல்ல? ஆரும் போக விடாமப் பிடிச்சிக்கிட்டு இரிந்தாங்களா?"

டீச்சரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். கடித்த பணிஸைத் தட்டில் வைத்துவிட்டு, ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையை அவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அன்றுதான் அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் தம்பியின் மனைவியையும் என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. குரல் வந்தது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பதில் கொடுக்கவில்லை.

அதுவரை ஒரு தரத்துக்கு மேல் கூப்பிடாத குரல், அன்று மறுபடியும் கூப்பிட்டது. "ராத்தா."

நான் டீச்சரைப் பார்த்தேன். மறுபடியும் கூப்பிட்டால் உயிருள்ளவன் என்ற கணக்கு அவருக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. பிறகு தம்பியின் மனைவியின் தோளை அணைத்து, "பாங்கு சொல்லப் போறாங்க, நடங்க" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். தம்பியின் மனைவி இத்தா இருந்தாள். கரையில் அந்தக் குரல் பிறகு கேட்கவில்லை.

ஆனால் டீச்சர் வாயை மூடிவிட்டார். படிப்பிப்பார், வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான். அதிபர் வண்டியை எங்கள் அறை வாசலில் உறுமவிட்டுப் பார்த்தார், ஒரு சொல் வரவில்லை. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நிம்மதியை எங்களால் தாங்க முடியவில்லை.

கடைசியில் கணக்கு சேர், அறுகம்பேக்குச் சுற்றுலா போகும் நாளில் தானே சமைக்கப்போவதாக அறிவித்தார். டீச்சரின் மேசைக்கு முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "புரியாணி ஆக்க என்னை வெல்ல இந்தக் கரையில ஆளில்ல" என்றார். தேங்காய்கூடத் திருவத் தெரியாத மனிதர். நாங்கள் காத்திருந்தோம்.

டீச்சர் தலை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"அடிப்பிடிக்கும் சேர்" என்றார்.

கணக்கு சேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அடிப்பிடிக்கவும் செய்தது. கரிந்த சோற்றைப் போட்டுக்கொண்டு டீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்து என்ன கெடுதி வரும் என்று அவர் சொல்லத் தொடங்கினார். இன்னும் கொஞ்சம் கிட்டத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.