டங்கு அண்ணன் போட்ட பதினோரு பெருக்கல் குறிகள்

டங்கு அண்ணன் 'டிக்' போட்ட தூணுக்குள் என் பேனா பாதி இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது: இந்த வீட்டை இடிக்க வேண்டியதே இல்லை.

விருத்தாசலத்தில் அவர் தட்டிப் பார்க்காத பொருள் ஓடுகிற ரயில் ஒன்றுதான். பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் சூளையிலிருந்து வரும் சரக்கைத் தட்டிப் பார்த்தவர். 'டங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் உள்ளே விரிசல். அந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்கவில்லை. டீக்கடை கிளாஸைத் தட்டாமல் குடிக்க மாட்டார். அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அதையும் தட்டிவிட்டு, "டங்குன்னுதான் வருது, முடிச்சிடலாம்" என்றாராம்.

அவர் குடியிருப்பது ஜங்ஷனுக்குப் பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. பன்னிரண்டு தூண்கள், மேலே உத்தரங்கள், ஆணியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகியவை. செங்கல் சுவர் இடைவெளியை அடைக்க வந்ததுதான், பாரம் முழுக்க மரத்தின் மேல். ஆர்க்கிடெக்சர் படிக்கும் நான் லீவு முழுக்க டேப்போடு அங்கேயே கிடந்தேன்.

போன மாதம் வீட்டுக்கார அம்மா தூண்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அண்ணன் தட்டி, பதினொன்றில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார், ஒன்றில் மட்டும் டிக். அந்த அம்மா இடிக்க ஆள் பேசிவிட்டார்.

"நீங்க இருக்கற வூடுதானண்ணே, பார்த்துப் போட்டிருக்கலாம்ல?"

"டொக்குன்னுச்சு பாப்பா. என் வூடுன்னா மட்டும் பாஸ் போட முடியுமா?"

ஒரே ஒரு முன்னெச்சரிக்கை செய்திருந்தார். கட்டிலை டிக் போட்ட தூணடியில் இழுத்துப் போட்டிருந்தார்.

அந்தத் தூணிலிருந்துதான் பேனாவை உருவிக் காட்டினேன். "மரம் பீங்கான் இல்லண்ணே. கெட்டியா இருந்தா டொக்குன்னுதான் வரும். இது உள்ள கரையான் தின்னு கூடாயிருக்குது, அதான் டங்குன்னுச்சு."

அவர் கட்டிலைப் பார்த்தார். "அப்ப ஒரு மாசமா நான்..."

"ஆமாண்ணே. இருக்கறதுலயே மோசமான தூணுக்குக் கீழ."

அண்ணன் எழுந்து பதினோரு தூண்களையும் மறுபடி தட்டினார், இந்த முறை மெதுவாக. "நல்ல மரத்தப் போயி ரிஜக்ட் பண்ணிட்டனே" என்று தோள் துண்டால் ஒவ்வொரு குறியாகத் துடைத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மா இடிப்பதை நிறுத்திப் பதினைந்து நாள் அவகாசம் தந்திருக்கிறார். அந்த ஒரு தூண் மட்டும் வேறு மரம், யாரோ முன்பே மாற்றியது. ஒருமுறை மாற்றினார்கள் என்றால் இன்னொரு முறையும் மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமை தச்சர் வருகிறார். உத்தரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூணை எடுக்கப்போகிறோம். அதற்கு முன் மரக்கடையில் புதுத் தூண் தேர்ந்தெடுக்க வேண்டும். டங்கு அண்ணனைத்தான் கூட்டிப்போகிறேன். தன் வீட்டுக்கே பாஸ் போடாத விரல் இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?