ஒரே ஒரு மனு

"ஒரே ஒரு மனுதான் வந்திருக்கு." தேர்தல் அதிகாரி தட்டிலிருந்த காகிதத்தை எடுத்து வேட்பாளர் பெயரை வாசித்தார்.

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் மனைவியின் பெயர்.

அந்தத் தொகுதிக்கு ஒரே வருஷத்தில் இது மூன்றாவது அவசர இடைத்தேர்தல். முதல் உறுப்பினர் பதவியேற்ற மறுவாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் கட்சி மாறிப் பதவியை இழந்தார். அதற்கடுத்தவர் சட்டமன்றப் படியில் வழுக்கி விழுந்து, ஆளை விட்டால் போதும் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ராசி கெட்ட நாற்காலி என்று பெரிய கட்சிகளே ஒதுங்கிக்கொண்டன. மேலிடத்துக்கோ அவசரம். இன்று மூன்று மணிக்குள் மனு, ஐந்து மணிக்குள் வாபஸ் என்று உத்தரவு.

போன தடவை பாதி மனுக்கள் தப்பும் தவறுமாக வந்து, பழி குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. இன்னொரு தப்பு நடந்தால் வேலை போகும் என்று மெமோவும் வந்தது. அதனால் இந்தத் தடவை ஒரு மாதிரி மனுவைத் தானே நிரப்பினார். மனைவியின் விவரங்கள் மனப்பாடம் என்பதால் அவற்றையே எழுதினார். மாதிரி என்றால் முழுசாக இருக்கட்டுமே என்று அவள் கையெழுத்து, முன்மொழியும் பத்துப் பேர் கையெழுத்து எல்லாவற்றையும் அவரே கிறுக்கி, போர்டில் ஒட்டும்படி பியூனிடம் கொடுத்தார். பியூனோ கையில் கிடைத்ததையெல்லாம் தட்டில் போடுகிற ஆசாமி.

கள்ளக் கையெழுத்து. இனி வேலை மட்டுமா, கம்பியும் எண்ண வேண்டியதுதான். போர்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"சார், விலாசம் தப்பு மாதிரி இருக்கே. தள்ளுபடி பண்ணிடலாமா?"

அதிகாரி விலாசத்தை மறுபடி படித்தார். பிறகு ஊழியர் பட்டியலைப் புரட்டினார்.

"இது உங்க வீட்டு விலாசம்யா. நிக்கறது உங்க சம்சாரமா? சொல்லவே இல்லையே."

வாசலில் காத்திருந்த நிருபர்களைக் கூப்பிட்டு அதிகாரியே விஷயத்தைச் சொன்னார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது குமாஸ்தாதான்.

வாபஸ் படிவத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவருக்கு முன்னாலேயே வாசலில் ஏழெட்டு கேமராக்கள் நின்றன. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடேன்."

"என்ன இது?"

"சும்மா ஒரு ஃபாரம்."

"எதையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்து போடணும்னு நீங்கதானே சொல்வீங்க." நிதானமாகப் படித்தாள். "என்னை எதிர்த்து யார் நிக்கறாங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் நான் ஏன் வாபஸ் வாங்கணும்?"

உன் கையெழுத்தை நான் போட்டேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "அந்த நாற்காலி ராசி கெட்டதும்மா," என்று மட்டும் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷமா உங்களோட குடும்பம் நடத்திட்டேன். நாற்காலி என்னை என்ன பண்ணிடும்?" என்று அடுத்த துணியை எடுத்தாள்.

ஆபீசுக்குத் திரும்பும்போது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். அதிகாரி வெற்றிச் சான்றிதழை எடுத்து வைத்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி. பக்கத்தில் பியூன் முத்திரையோடு நின்றார். பெண்டாட்டியையும் சேர்த்து ஜெயிலுக்கு அனுப்புவதா என்று நினைத்ததும் குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், அந்த மனு பொய். நான்தான் எழுதினேன். அத்தனை கையெழுத்தும் நான் போட்டது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி பேனாவை மூடினார். "எழுத்துல குடுங்க," என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

குமாஸ்தா ஒரு பக்கம் முழுக்க எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த ஒரு கையெழுத்தாவது தன்னுடையதுதான் என்று கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

அதிகாரி அதைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருந்த பியூன் குமாஸ்தா பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார்.

"சார், நீங்க எழுதினது இன்னும் போர்டுலதான் ஒட்டியிருக்கு. இது அம்மா மத்தியானம் நேர்ல வந்து, அதைப் பார்த்து எழுதி, வெளியில நின்ன பத்துப் பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிக் குடுத்தது. நீங்க மேஜையில தலை வச்சுத் தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப வேண்டாம்னுட்டாங்க."