கனகலிங்கத்தின் ஓக் கன்று

இந்தக் குளிர்காலம் கறிவேப்பிலைக்கு அடிபணிவதில்லை என்று கனகலிங்கம் சபதம் எடுத்தார்.

ஹம் என்ற ஜெர்மன் நகரில் பல தமிழ் வீடுகளில் நடப்பதுதான். குளிர் தொடங்கினால் பல்கனியில் நின்ற கறிவேப்பிலைச் சாடி உள்ளே வரும். வரட்டும். ஆனால் மனைவி பாலாம்பிகை அதை வைப்பது ஜன்னலடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில். அது அவருடைய சாய்கதிரையின் இடம். கதிரை கதவோரம் தள்ளப்படும். பங்குனி வரை அவர் கால் விறைக்கக் கிடப்பார்.

ஒரு ஞாயிறு இருவரும் காட்டுக்கு நடக்கப் போனார்கள். அங்கே ஒரு ஓக் மரம். நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத அடிமரம். கனகலிங்கம் அண்ணாந்து பார்த்தார். தொப்பி விழுந்ததே தெரியவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. காலடியில் அதன் கொட்டை ஒன்று, பெருவிரல் நுனி அளவுதான், சிவப்பாய் வேர் விட்டுக் கிடந்தது. இவ்வளவு பெரிய உயிர் இதற்குள்ளா படுத்திருக்கிறது? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடேயே ஒரு யோசனையும் வந்தது.

வீட்டில் அந்தக் கொட்டையை வெறும் தயிர்ப் பேணியில் மண் போட்டு நட்டார். சில கிழமையில் இரண்டு இலை.

"பாலா, இஞ்சை வாரும்! முளைச்சிட்டுது!"

அவள் குனிந்து பார்த்தாள். "என்ர அம்மாளே!" என்றாள்.

"எங்களுக்குப் பிறகும் நானூறு வருசம் நிக்கப்போற சீவன். ஜன்னலடியை இதுக்குக் குடும். பக்கத்தில இருந்து பாக்க என்ர கதிரையும் வேணும்."

"ஓம், பக்கத்தில ஆள் இருக்கத்தான் வேணும். நீங்கள்தான் இருக்கோணும்."

"நான்தான் இருப்பன்!"

"சத்தியமா?"

"உந்த மரத்தாணை!"

இவ்வளவு சுகமாய் அவர் ஒருநாளும் வென்றதில்லை.

"ஒண்டு கேக்கட்டே?" என்றாள் பாலாம்பிகை. "காட்டில உங்கட மரம் எந்த ஹீட்டருக்குப் பக்கத்தில நிண்டது?"

கனகலிங்கம் ஜன்னலடி ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"பனிக்குள்ள வளர்ற சாதியப்பா. வெக்கையில வைச்சா வதங்கிப் போம், பாவம். கதிரையின்ர அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

இப்போது பல்கனியில் ஓக் கன்று நிற்கிறது. பக்கத்தில் சாய்கதிரை. அதில் கம்பளி, தொப்பி, கையுறை, அவற்றுக்குள் கனகலிங்கம். அந்த இரண்டு இலையைப் பார்க்கும்போது அவருக்கு இன்னும் புல்லரிக்கிறது. பக்தியிலா குளிரிலா என்று அவருக்கே தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கதகதப்பாய், கறிவேப்பிலை புதுக் கொழுந்து விட்டிருக்கிறது.