தள்ளுபடியார் தயாரித்த நேர்காணல்

மனைவிக்கு அந்த வேலை கிடைக்கவே கூடாது என்று தள்ளுபடியார் முடிவு செய்தபோது, அவர் கையில் மனைவி போட்டுக் கொடுத்த டீ இருந்தது. டீ நன்றாக இருந்தது. முடிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

தள்ளுபடியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அலுவலகம் வைத்தது. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, காப்பீட்டுப் பணம் தரலாமா கூடாதா என்று சொல்வது அவர் உத்தியோகம். பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்வார். நசுங்கிய காரை ஒரு சுற்று சுற்றி வருவார். குனிவார். ஒரு விரலால் தடவுவார். "இந்தக் கீறல் பழசு" என்பார். லாரி ஏறித் தகடாகக் கிடந்த ஸ்கூட்டரைப் பார்த்தே, "கண்ணாடி முன்னாடியே விரிசல் விட்டிருக்கு" என்று சொன்ன மனிதர்.

அவர் மனைவிக்குத் தெருவில் தத்துவம் டீச்சர் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் பெண்ணியத் தத்துவம் நடத்துகிறார். தற்காலிக விரிவுரையாளர். எவ்வளவு தற்காலிகம் என்றால், அவரிடம் படித்த பையன் ஒருவன் நிரந்தரமாகி, துறைத் தலைவருமாகி, "மேடம், உங்க கான்ட்ராக்டை இந்த வருஷமும் நீட்டிச்சுட்டேன்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போகிற அளவுக்குத் தற்காலிகம். பாலின நீதி பற்றி அந்தப் பையன் இப்போது மேடையேறிப் பேசுகிறான். குறிப்பெடுத்துக் கொடுப்பவர் டீச்சர்.

இந்த நிலையில்தான் கடல் கடந்த ஒரு தேசத்திலிருந்து அழைப்பு வந்தது. உலகப் பாலின நீதி ஆய்வு மையம். மூன்று வருஷப் பதவி. கணினித் திரையில் நேர்காணல்.

தள்ளுபடியார் "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கேதான் சிக்கல். கல்யாண வீடு, காது குத்து, அலுவலக விருந்து என்று போன இடமெல்லாம், "நான் என் மனைவிக்கு முழு சுதந்திரம் குடுத்திருக்கேன்" என்று சொல்லி வைத்தவர் அவர். ஒரு தடவை டீச்சர் பக்கத்தில் நின்று, "எங்கேர்ந்து எடுத்துக் குடுத்தீங்க?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தள்ளுபடியாரும் சிரித்தார். வீட்டுக்கு வந்துதான் அவருக்குக் கேள்வி புரிந்தது.

ஆகவே வாயால் தடுக்க முடியாது. வேலை தானாகவே கை நழுவ வேண்டும். வழியை டீச்சரே காட்டினார்.

"முதல்ல நான் உரை நிகழ்த்தணும். அப்புறம் குழுவுல இருக்கறவங்க கேள்வி கேட்டுக் குடைவாங்க. முன்னாடியே யாராவது எதிரி மாதிரி உக்காந்து கேட்டா நல்லாயிருக்கும்."

"நான் கேக்கறேன்."

"நீங்களா? போன தடவை நான் பேசறப்ப தூங்கிட்டீங்களே."

"கண்ணை மூடிக்கிட்டு கேட்டேன்."

"குறட்டை விட்டீங்க."

"ஆமோதிச்சேன்."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா ஒரு நிபந்தனை. பொண்டாட்டியாச்சேன்னு விட்டுக்குடுக்கக் கூடாது."

"சத்தியமா விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார் தள்ளுபடியார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கொடுத்த வாக்குகளில் முழு மனதோடு கொடுத்தது அது ஒன்றுதான்.

கீழ் வீட்டில் இருந்த பல் டாக்டரிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னார்.

"கேள்வி கேட்டே உக்கார வெச்சிடுவேன் டாக்டர். அவளே 'எனக்கு இது ஒத்துவராது'ன்னு எழுந்து வந்துடுவா."

"நேரா போகாதேன்னு சொல்லிடலாமே சார்."

"சொன்னா நான் பிற்போக்குவாதி."

"இப்ப?"

"இப்ப ஒத்தாசை பண்ற கணவன்."

"சார், எங்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்தாத்தான் எனக்கு வேலை. உங்க வீட்டுல மேடம் வாயைத் திறந்தா உங்க திட்டம் கவுந்துடுமேன்னு பாக்கறேன்."

"நீங்க பல்லைப் பாருங்க டாக்டர்."

எதிரி என்றால் தயாரிப்பு வேண்டும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக மனைவி எழுதிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போய், பணிமனையில் நசுங்கிக் கிடந்த ஒரு வேன் மேல் உட்கார்ந்து படித்தார் தள்ளுபடியார். விஷயம் புரிந்துவிட்டது. அதுவே அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஏழை நாட்டுப் பெண் ஒருத்தி பணக்கார நாட்டுக்குப் போய் யார் வீட்டுக் குழந்தையையோ வளர்க்கிறாள். அவள் குழந்தையை இங்கே இன்னொருத்தி குறைந்த கூலிக்கு வளர்க்கிறாள். அந்த இன்னொருத்தியின் குழந்தையை, அதற்கு மூத்த பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வளர்க்கிறாள். சங்கிலியின் கடைசியில் சம்பளமே இல்லாத ஒருத்தி. இது அந்தந்தக் குடும்பத்தின் தலையெழுத்து இல்லை, தேசங்களுக்கு நடுவே நடக்கிற அநீதி என்பது டீச்சர் கட்சி.

தள்ளுபடியார் அந்த வாதத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தடவினார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜை நேர்காணல் அறையானது. தள்ளுபடியார் மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டார். டீச்சர் உரையை முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"அவங்களை யாராவது பிடிச்சுத் தள்ளினாங்களா? அவங்களா ஆசைப்பட்டுத்தானே போனாங்க?"

"தீப்பிடிச்ச வீட்டுலேர்ந்து ஜன்னல் வழியா குதிச்சவளைப் பாத்து, 'ஜன்னல்னா உங்களுக்கு ஆசையா'ன்னு கேப்பீங்களா?"

"வீட்டுக்குத் தீ காப்பீடு இருந்துதா?"

"ஏங்க, நீங்க ஆபீசுல இல்லை."

"சரி. பிள்ளையை வளக்கறது பாசம். பாசத்துக்குக் கூலி கேட்டா அது பாசத்துக்கு அவமானம் இல்லையா?"

"கீழ் வீட்டு டாக்டர் அக்கறையோடதான் பல்லைப் பிடுங்கறார். ஃபீஸ் வாங்கறப்ப அவர் அக்கறை குறைஞ்சு போச்சா?"

"அது வேற."

"எது வேற?"

தள்ளுபடியார் பக்கத்தைப் புரட்டினார். "அடுத்த கேள்வி."

இப்படியே அடுத்தடுத்த சாயங்காலங்களும் போயின. அவர் கேட்பார். டீச்சர் வெட்டுவார். அவர் அதைவிடக் கூர்மையாகக் கேட்பார். டீச்சர் கொஞ்சம் யோசித்து வெட்டுவார். அலுவலகத்தில் வண்டிகளைப் பார்க்கும்போதும் அவர் மனம் வாதத்திலேயே ஓடியது. ஒரு பின்பக்கக் கதவைத் தடவிக்கொண்டே நின்றவர், சட்டென்று நிமிர்ந்தார். அகப்பட்டுவிட்டது. பழைய கீறல்.

அன்றைக்கு மேஜையில் அவர் குரலே மாறியிருந்தது.

"நீங்க ரெண்டும் சொல்றீங்க. ஒரு தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறது அவ உரிமை. அவ போனதால பிள்ளை கவனிப்பில்லாம தவிக்கிறது அநீதி. அப்ப அந்த அநீதியைப் பண்ணினது யாரு? போனவதானே? அது உரிமையா, அநீதியா? ஏதாவது ஒண்ணைத் தொடுங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தள்ளுபடியார் நாற்காலியில் சாய்ந்தார். வெற்றி. அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் ஒரு காருக்கு முழு இழப்பீட்டுக்கும் கையெழுத்துப் போட்டார். பணிமனைக்காரர் பயந்துபோய், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே காகிதம் கசங்குகிற சத்தம். அடுப்படி அப்படியே குளிர்ந்து கிடந்தது. டீச்சர் பல்கலைக்கழகத்துக்குப் போனார், வந்தார், கதவைச் சாத்தினார். சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. தள்ளுபடியாருக்கு முதலில் பசித்தது. பிறகுதான் மனசாட்சி உறுத்தியது. வரிசை அதுதான்.

டீ போட்டு, கதவைத் தட்டி, உள்ளே வைத்தார். டீச்சர் தலை நிமிரவில்லை. முட்டை பொரித்தார். கிழங்கு வதக்கினார். முதல் நாள் கிழங்கு கரியானது. உப்பு எங்கே இருக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினார். அது அடுப்புக்கு நேர் மேலேயே இருந்தது. இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. துணி துவைத்தார். உலர்த்தினார். மடிக்கும்போது தன் சட்டைகளுக்கு எத்தனை பொத்தான் என்று தெரிந்துகொண்டார். மூன்றாம் நாள் கிழங்கு பொன்னிறமாக வந்தது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று குரல் கேட்டது. வாழ்நாளில் எந்தப் பாராட்டும் அவரை அப்படிச் சிலிர்க்க வைத்ததில்லை.

மாடிப்படியில் பல் டாக்டர் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டீங்க போல. அப்புறம் ஏன் சார் முகம் இப்படி?"

"அவ முதல் நாள் சாப்பிடவே இல்லை டாக்டர். மனசு உடைஞ்சுட்டா போல."

"யார் சமையல்?"

"நான்தான்."

"அப்ப மனசு உடைஞ்சுதுன்னு நிச்சயமா சொல்ல முடியாது சார்."

நேர்காணல் நாள் வந்தது. டீச்சர் புடவையை நீவிவிட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். தள்ளுபடியார் கூடத்தில் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டார். பத்திரிகை தலைகீழாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பத்திரிகையும் இல்லை, கூடத்திலும் இல்லை. கதவில் காது.

உரை முடிந்தது. கேள்விகள் வந்தன. எல்லாம் அவர் எப்போதோ கேட்டுத் தோற்ற கேள்விகள். இதுகளைக் கேட்கவா இவர்களுக்குச் சம்பளம் என்று தோன்றியது. பிறகு ஒரு பெண் குரல், மன்னிப்புக் கேட்காத குறையாக ஆரம்பித்தது. "உங்க வாதத்துல ஒரு முரண் இருக்கற மாதிரி தெரியுது. அந்தத் தாய் போறது உரிமைன்னா..."

அவருடைய கேள்வி. அவரே பெற்றெடுத்த கேள்வி. தள்ளுபடியார் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். ஒரு கணம், சத்தியமாக ஒரு கணம், 'பதில் சொல்லிடு தாயே' என்று அவர் மனம் வேண்டிக்கொண்டது. இது திட்டத்திலேயே இல்லை.

டீச்சர் சிரித்தார்.

"இந்தக் கேள்வி எனக்கு நல்லாப் பழக்கம். போறவ ஒருத்தி, தவிக்கற பிள்ளை ஒண்ணு. கணக்குல ரெண்டே பேர்தான் இருக்காங்க. அதனாலதான் பழியை ரெண்டு பேருக்குள்ளேயே பங்கு போட வேண்டியிருக்கு. அந்த வீட்டுல இன்னொருத்தர் சோபாவுல உக்காந்திருக்காரே, அவரை ஏன் யாரும் எண்ணலை? ஏன்னா பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேக்கறவரே அவர்தான். ஒரு வீட்டுல கணவர் உக்காந்திருக்கிற மாதிரிதான், உலகத்துல அரசாங்கங்கள் உக்காந்திருக்கு. போறவ உரிமையும் பிள்ளை உரிமையும் ஒண்ணோட ஒண்ணு மோதலை. எழுந்திருக்காத ஒருத்தர் மேல ரெண்டும் சேர்ந்து மோதுது."

"அவரால முடியாதுன்னு சொன்னா?" என்றது அந்தக் குரல்.

"முடியும். கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுலயே பரிசோதனை பண்ணிப் பாத்துட்டேன். மூணாவது நாளே கிழங்கு பக்குவமா வந்துடுச்சு."

உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்கள். தள்ளுபடியார் கதவிலிருந்து காதை எடுத்தார். காது சிவந்திருந்தது. இன்னொரு காதும் சிவந்திருந்தது, அது கதவில் படவே இல்லை.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பதில் எப்ப கிடைச்சுது?"

"நீங்க கேட்ட அன்னிக்கு, கதவைச் சாத்தினதுமே."

"அப்ப அத்தனை நாள் உள்ள என்ன பண்ணிட்டிருந்தே?"

"பதிலுக்கு ஆதாரம் வேணாமா?"

வேலை கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்றைக்கு டீச்சர் துறைத் தலைவர் பையனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, கான்ட்ராக்டை நீட்டிக்க வேணாம்" என்றபோது, அவர் குரலில் இருந்த நிம்மதியைத் தள்ளுபடியார் அதற்கு முன் கேட்டதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எது முதலில் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"மூணு வருஷம் நான் சாப்பாட்டுக்கு என்ன..." என்று ஆரம்பித்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரே தள்ளுபடி செய்தார்.

வேறு வழியில்லை. உண்மை ஒன்றுதான் பாக்கி. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. சமையல் இல்லை, துணி இல்லை. நீ போகக் கூடாதுன்னுதான் அந்தக் கேள்வியெல்லாம் கேட்டேன். நீ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது. சாயங்காலமானா யார்கிட்ட நான் வாதம் பண்ணுவேன்? அவ்வளவுதான்."

டீச்சர் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதை நீங்க முதல் நாளே சொல்லியிருக்கணும்."

தள்ளுபடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன். இவ்வளவு மனசார எதிர்க்கற ஆளைத்தான் வேற எங்கயாவது தேடியிருக்கணும்."