கோல்கீப்பருக்கு அரசு மரியாதை

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும். மூன்றாவது போன வருஷம் விழுந்தது. அது வேறு கதைக்காக.

விமானத்திலிருந்து போர்ச்சுகல் அணி முழுக்க இறங்கிவிட்டது. கோல்கீப்பரை மட்டும் காணோம். வரவேற்க வந்திருந்த சிப்ரியானோ ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தான். பணிப்பெண் ஒருத்தி எச்சில் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கோல்கீப்பர் மாதிரி இல்லை.

அணி மேலாளர் காரணத்தைச் சாதாரணமாகச் சொன்னார். கோல்கீப்பர் பல்தசாருக்கு ஆகாயத்தில் போவதென்றால் பயம். கப்பலில் வருகிறார். முதல் ஆட்டத்துக்கு வந்து சேர முடியாது, அடுத்ததற்கு வந்துவிடுவார்.

வேறு ஊராக இருந்தால் விஷயம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கராகஸில் சுவருக்குச் சுவர் பல்தசார் பந்தை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தார். கண்டம் விட்டுக் கண்டம் வந்து கிளப்புகள் மோதுகிற போட்டி. ஐரோப்பாவிலிருந்து இரண்டு, பிரேசிலிலிருந்து ஒன்று, எங்களுடையது ஒன்று. போஸ்டரில் படம் மட்டும் ஒரே ஆளுடையது. அவர் விமானத்தில் வந்து இறங்கியதாகவும், இறங்கியதும் ஆவிலா மலையைப் பார்த்து வாயடைத்து நின்றதாகவும், இங்கே நிலவும் அமைதியைப் புகழ்ந்ததாகவும் காலைப் பத்திரிகை எழுதிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் கர்னல் ஒலிவாரெஸ். போட்டியை நடத்துகிறவரும் அவரே. அந்த நாளில் ஊரில் காணாமல் போகிறவர்கள் எல்லோரும் அவருடைய இலாகா வழியாகத்தான் போவார்கள். அதனால் தனக்குத் தெரியாமல் ஒருவர் காணாமல் போவது அவருக்குப் பிடிக்காது.

சிப்ரியானோ மைதானத்தில் ஒலிபெருக்கிக்காரன். நல்ல குரல். ஆனால் பேஸ்பால் குரல். எங்களுடையது பேஸ்பால் ஊர். கால்பந்து, ரொட்டி சுடவும் கட்டடம் கட்டவும் கடல் தாண்டி வந்தவர்களின் ஆட்டம். முனையிலிருந்த தவாரெஸின் ரொட்டிக்கடையில் நின்று நின்று அவனுக்குக் கொஞ்சம் போர்ச்சுகீசு வரும் என்பதால் வரவேற்புக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவனும் மாட்டேன் என்று சொல்கிற நிலையில் இல்லை. மச்சினன் லியோன்சியோ உள்ளே இருந்தான். ஏதோ ஒரு ஜெனரல் இறந்ததற்காக மைதானத்தில் எல்லோரும் எழுந்து மௌனம் காத்தபோது அவன் சிரித்துவிட்டான். ஏன் சிரித்தாய் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஏனென்று எல்லோருக்கும் தெரியும். போட்டி மட்டும் கறை இல்லாமல் முடியட்டும், மச்சினன் விஷயத்தை முடித்துத் தருகிறேன் என்று கர்னல் வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது அவர் ஓடுபாதையில் கை கட்டி நின்றிருந்தார்.

"எங்க அந்தப் பாயுற ஆளு?"

வரவில்லை என்பது அவரிடம் சொல்லக்கூடாத சொல். கூப்பிட்டு வராதவர்களைக் கூட்டி வருகிற இலாகா அது. வராமலிருக்க ஒரே ஒரு காரணத்தைத்தான் அங்கே ஒப்புக்கொள்வார்கள்.

"செத்துட்டாரு, கர்னல்."

கர்னல் தொப்பியைக் கழற்றினார். "எப்ப?"

"கிளம்புற நேரத்துல."

"நம்ம மண்ணுல இல்லையே?"

"இல்ல, கர்னல். அவங்க மண்ணுல."

"நல்ல மனுஷன்" என்றார் கர்னல்.

முதல் ஆட்டத்துக்கு முன்பு சிப்ரியானோ ஒலிபெருக்கியில் இரங்கல் படித்து, மௌனம் காக்கச் சொன்னான். மைதானம் எழுந்து நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை; சிரிக்கக்கூடியவர்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். எதற்கு இந்த மௌனம் என்று மேலாளர் கேட்டார். வராதவர்களுக்காக நிற்பது இங்கே வழக்கம் என்று சிப்ரியானோ சொன்னான். யோசித்துப் பார்த்தால் அது பொய்யில்லை.

ஆனால் கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போர்ச்சுகல்காரர்கள் அத்தனை பேரும் ரொட்டிக்கடைக்காரர்கள். ஓவென்று அழுதார்கள். மறுநாள் துக்கம் என்று கடைகளை அடைத்துவிட்டார்கள். ஊரில் ரொட்டி இல்லை. கர்னலின் காலை மேசையிலும் இல்லை. அவர் கோபப்படுவார் என்று சிப்ரியானோ நடுங்கினான். அவரோ, ஒரு சாவுக்கு ஊரே இப்படி அழுமா என்று விசாரித்துவிட்டு, ஏதோ யோசனையில் அரெப்பா என்கிற சோள அடையைத் தின்றாராம்.

அந்தச் சனிக்கிழமை தெல்ஃபினா சிறை வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

அவள் லியோன்சியோவின் அக்கா, சிப்ரியானோவின் மனைவி. வாரா வாரம் வெளுத்த சட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். காவலாள் அழுக்குச் சட்டையைத் திருப்பித் தருவான். அழுக்கு வந்தால் ஆள் இருக்கிறான். உள்ளே சட்டைகள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. சிலர் காலரில் சிவப்பு நூல் ஓட்டுவார்கள். தெல்ஃபினா கைமடிப்பில் மட்டும் பச்சைப் பொத்தான் தைப்பாள், மற்றதெல்லாம் வெள்ளை.

"சட்டை வரல" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"எல்லாரும் மேட்ச் வேலையா இருக்காங்களாம். துவைக்கிற துணி அடுத்த வாரமாம்."

"அப்ப அடுத்த வாரம்."

"நான் போடுறது வெளுத்த துணி, அவன் தர்றது அழுக்குத் துணி. இதுல துவைக்கிறவன் எங்கேர்ந்து வந்தான்?"

சிப்ரியானோ அவசரமாக லா குவைரா துறைமுகத்துக்குப் போகவேண்டியிருந்தது. கப்பல் வந்துவிட்டது.

பல்தசார் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் உப்புக் கருவாட்டுக் கட்டுமாக இறங்கினார். சுவரில் தன் படத்தைப் பார்த்துப் பூரித்தார். பிறகு அதன் மூலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தார்.

"யாருய்யா செத்தது?"

"நீங்கதான்."

பல்தசார் கருவாட்டைக் கீழே வைத்தார். "எனக்கு யாரும் சொல்லலையே."

சிப்ரியானோ அவரை ஒரு கிடங்கின் பின்னால் கூட்டிப்போய் முழுவதையும் சொன்னான். அரசாங்கம் மௌனம் காத்துவிட்டது, பத்திரிகை அச்சாகிவிட்டது, இனி உயிரோடு இருக்கிறேன் என்று அவர் கிளம்பினால் அது ராஜதுரோகம். ஒரே வழிதான். இனிமேல் அவர் அவருடைய தம்பி.

"எனக்குத் தம்பியே கிடையாது. மூணு அக்கா."

"இனிமே உண்டு. பேரு பெல்மிரோ."

"நல்லா ஆடுவானா?"

"உங்க அளவுக்கு வராது."

அந்த ஒரு வார்த்தையில் பல்தசார் சம்மதித்துவிட்டார். மேலாளரும் மறுக்கவில்லை. மாற்று கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே போன பந்துகளைப் பார்த்தபிறகு அவர் யாருடைய தம்பியையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் பெல்மிரோ என்கிற பல்தசார், கையில் கறுப்புப் பட்டையோடு, புறா பிடிப்பதுபோல் பந்து பிடித்தார். ரொட்டிக்கடைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆடுறான், பாவம். ஆனா அண்ணன் அண்ணன்தான்" என்றார்கள். அது பல்தசார் காதில் விழுந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கர்னல் நேரே வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணீர் நிஜமாகவே வந்தது. அந்த மாதிரி ஆட்களுக்குச் சட்டென்று வரும்.

"கப்பல்லயா வந்தாரு?" என்று சிப்ரியானோவைக் கேட்டார்.

"ஆமா, கர்னல்."

"அப்ப அண்ணன் உடம்பையும் கூடவே கொண்டு வந்திருப்பாரு."

சிப்ரியானோ வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்லத்தான் திறந்தான்.

"அண்ணனைத் தனியா விட்டுட்டு எந்தத் தம்பி வருவான்?" என்றார் கர்னல்.

"ஆமா, கர்னல்" என்றது சிப்ரியானோவின் வாய்.

"இங்கயே அடக்கம் பண்ணிடுவோம். அரசு மரியாதையோட. ஆளு என்ன உயரம்?"

சிப்ரியானோ குழம்பிப்போய், பக்கத்தில் நின்ற பிணத்தையே கையால் அளந்து காட்டினான். "தம்பி உயரம்தான், கர்னல்."

"போதும்" என்றார் கர்னல்.

சிப்ரியானோ சவப்பெட்டிக் கடையில் நீளமான ஒரு பெட்டியைக் கடனுக்குப் பிடித்தான். வெறும் பெட்டிக்குத் தோள் கொடுத்தால் தூக்குகிறவர்களுக்கே தெரிந்துவிடும் என்பதால் தவாரெஸிடம் உண்மையைச் சொல்லி இரண்டு மூட்டை மாவு கேட்டான். தவாரெஸுக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம். அவ்வளவு அழுகையும் வீண். இருந்தாலும் கொடுத்தார். மூட்டைகளில் அவர் கடையின் நீலச் சேவல் அச்சடித்திருந்தது. இரண்டு பேருமாகப் பெட்டிக்குள் கிடத்தி ஆணி அடித்தார்கள். கனம் சரியாக இருந்தது. போகப் போகத் தவாரெஸே அதன் மேல் கை வைத்து மறுபடி அழ ஆரம்பித்தார்.

அதோடு விட்டார்களா? சாயங்காலம் கர்னலின் வண்டி வந்து நின்றது. அடக்கத்துக்கு முன்பு ஒரு ராத்திரி பெட்டி தங்கள் இலாகா கட்டடத்தில் மரியாதைக்கு இருக்கட்டும் என்று உத்தரவு.

சிப்ரியானோ விடிய விடியத் தூங்கவில்லை. பெட்டியைத் திறந்தால் மாவு. மாவைப் பார்த்தால் கர்னல் சிப்ரியானோவை அழைப்பார். அழைத்தால் லியோன்சியோ வரமாட்டான். அவனுக்குத் துணையாகச் சிப்ரியானோதான் போவான். தெல்ஃபினா இரண்டு சட்டையாக வெளுக்கவேண்டியிருக்கும்.

காலையில் பெட்டி கொடி போர்த்தித் திரும்பி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிப்ரியானோ கொடியைத் தடவுவதுபோல் பெட்டியை ஒரு முறை லேசாக அசைத்துப் பார்த்தான். அதே கனம். கடவுளுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான்.

தெற்கு இடுகாட்டுக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாத பெண்கள் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு மலைச்சரிவுக் குடிசைகளிலிருந்தெல்லாம் இறங்கி வந்தார்கள். விஷயம் எளிது. உள்ளே இருக்கிறவர்களுக்காக அழக்கூடாது. அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்பார்கள். இந்தச் சாவுக்கு அழுவதோ அரசாங்க உத்தரவு. இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி எப்போது வரும்? பிள்ளையை நினைத்தும் புருஷனை நினைத்தும் எல்லோரும் "பல்தசாரு, பல்தசாரு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தெல்ஃபினா பெட்டியின் மேலேயே விழுந்துவிட்டாள். சேர்த்து வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். இரண்டு சிப்பாய்கள் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். கர்னல் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்த பல்தசாரும் தேம்பினார்.

"எனக்கு இவ்வளவு பேர் இருக்காங்கன்னு தெரியாதுய்யா" என்று சிப்ரியானோவின் காதில் சொன்னார். "உயிரோட இருந்தப்ப ஒருத்தரும் காட்டிக்கல."

அன்று மாலை இறுதி ஆட்டம். செத்துப் புதைபட்ட உற்சாகத்தில் பல்தசார் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. கோப்பை போர்ச்சுகல்காரர்களுக்குப் போயிற்று. கர்னல் சிப்ரியானோவின் தோளில் கை வைத்தார்.

"ஒரு கறை இல்ல. வாக்குன்னா வாக்குதான். உன் மச்சினன் விஷயம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போ."

சிப்ரியானோ ஓடினான். தெல்ஃபினா கறுப்புப் பயறு வேகவைத்தாள், அரெப்பா சுட்டாள், தம்பிக்கு வெளுத்த சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். இரண்டு மூட்டைகளை இறக்கி வைத்தார்கள்.

"கர்னல் அன்பளிப்பு" என்றான் ஒருவன்.

"என் தம்பி எங்க?" என்றாள் தெல்ஃபினா.

"எங்களுக்கு மாவு மட்டும்தான் சொன்னாங்கம்மா."

மூட்டைகளின் மேல் நீலச் சேவல்.

சிப்ரியானோ குனிந்து அச்சைத் தடவிப் பார்த்தான். பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். கர்னலுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்தும் அரசு மரியாதை எதற்கு? மாவை எடுத்துவிட்டால் பெட்டிக்குக் கனம் ஏது? தெல்ஃபினாவிடம் ஒன்றும் சொல்லாமல் இடுகாட்டுக்கு ஓடினான்.

புது மண்மேட்டின் பக்கத்தில் குழிவெட்டுகிற எவாரிஸ்தோ உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். குழியை யாராவது மறுபடி தோண்டினார்களா, பெட்டியை யாராவது திறந்து பார்த்தார்களா என்று சிப்ரியானோ மூச்சு வாங்கக் கேட்டான்.

"தோண்டவெல்லாம் இல்ல" என்றான் எவாரிஸ்தோ. "இறக்குறப்ப மூடி ஒரு பக்கம் விலகி, கை ஒண்ணு வெளிய வந்துச்சு, நான்தான் உள்ள தள்ளி மூடினேன். அவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்குச் சட்டை தைச்சவங்களுக்குப் பொத்தான் கிடைக்கல பாரு, எல்லாம் வெள்ளை, கைமடிப்புல மட்டும் பச்சை."