சால்னா பாய் போட்ட பம்ப்

இஞ்சினைப் பற்றிச் சாப்பாட்டுப் பாஷையிலேயே பேசும் ஒரே மெக்கானிக் இந்த உலகத்தில் திண்டுக்கல் சால்னா பாய்தான். வண்டி திணறினால் 'விக்கிக்கிச்சு' என்பார். புகை கக்கினால் 'அஜீரணம்'. மதியம் நாலடுக்கு கேரியரில் மேலடுக்குச் சால்னா தீரும்வரை, மந்திரி வண்டியே வந்து நின்றாலும் தலை நிமிராது.

நான் ஒன்பதாவது பெயில். திருப்பூர், மும்பை என்று எந்த ஊரிலும் ஒரு வருடம் தாங்காதவன். வத்தலக்குண்டுப் பக்கம் ஓர் அக்காவின் தோட்டத்து மல்லிகையைத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு ஏற்றிவரும் வேலையில்தான் முதல்முறையாகப் பதினோரு மாதம் ஒட்டியிருந்தேன். தொழிலும் தூக்கமும் ஒரே வேனில். அதன் இஞ்சின் செத்தது. காயலான் கடையில் கிடைத்த இன்ஜெக்‌ஷன் இஞ்சினைத் தூக்கி வைத்தேன். செல்போனில் ஆறு வீடியோ பார்த்திருந்ததால் பாயைவிட எனக்கு அதிகம் தெரியும்.

டேங்கிலிருந்து பெட்ரோல் ஏற்றும் பம்பை மட்டும் மாற்றாமல் பழையதையே விட்டேன். இஞ்சின் இருமக்கூட இல்லை.

"ஏலே, அது கார்புரேட்டருக்கு ஊட்டுன பம்பு. இதுக்குப் பீச்சி அடிக்கணும். வேற பம்பு வாங்கி டேங்குக்குள்ள முக்கி வையி. பெட்ரோல்ல முங்கிக் கெடந்தா சூடாகாது" என்றார் பாய்.

"உள்ள வைக்கிறதெல்லாம் பழைய ஸ்டைலு பாய்" என்று சொல்லி, கடையில் இருந்ததிலேயே பெரிய பம்பை வாங்கி சீட்டுக்கு அடியில் மாட்டினேன். அது குளவிக்கூடு மாதிரி இரைந்தது. நேர்ரோட்டில் வண்டி பறந்தது. டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியதும், வளைவுக்கு வளைவு நின்றது. இரண்டு நாள் பூ வாடித்தான் மார்க்கெட் சேர்ந்தது.

"நாளைக்கும் லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்கிறேன்ப்பா" என்றார் அக்கா. அடுத்த ஊருக்குக் கிளம்ப, நான் துணிப்பையை எடுத்துத் தூசி தட்டிவிட்டேன்.

அன்று மதியம் பாய் சால்னா அடுக்கை மூடாமல் என் மடியில் வைத்து, கரண்டியையும் கையில் கொடுத்துவிட்டு, வேனை அவரே ஓட்டினார். முதல் வளைவில் பாதி சால்னா என் லுங்கிக்கு வந்தது.

"பாய்! சுடுது!"

"சுடட்டும். வளையும்போது சால்னா வெலகுற பக்கம் கரண்டியப் போடு. என்ன வருது?"

"ஒண்ணும் வரல."

"ஒம் பம்புக்கும் அம்புட்டுத்தான் கெடைக்குது. பழைய டேங்கு, உள்ள தடுப்பு கெடையாது. பெட்ரோல் ஒரு ஓரமா ஓடிருது, பம்பு காத்தக் குடிக்குது."

பட்டறைக்குத் திரும்பியதும் மிச்சச் சால்னாவை நின்றபடியே குடித்தார். அடுக்கைக் கழுவினார். சாயங்காலத்துக்குள் டேங்கை இறக்கி, அலசி, மேல்பக்கம் திறந்து, அடுக்கின் அடியோரம் சிறு ஓட்டை போட்டு டேங்குக்குள்ளே நிறுத்திவிட்டார். அதற்குள் அடக்கமாக ஒரு பம்ப். இஞ்சின் குடித்து மிச்சம் திரும்பும் பெட்ரோலும் அதிலேயே விழும்படி ஒரு குழாய்.

"டேங்கு எப்படிச் சாஞ்சாலும் இந்தக் கிண்ணம் நெறஞ்சிருக்கும். போ."

மறுநாள் ஒரு வளைவிலும் வண்டி நிற்கவில்லை. பூ மொட்டாகவே இறங்கியது. "நாளைக்கும் வந்துரு" என்றார் அக்கா.

மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் இன்னும் இங்கேதான். பாயின் கேரியர் இப்போது மூன்றடுக்கு. சால்னா பிளாஸ்டிக் கவரில் வருகிறது. அடுக்கு தொலைந்துபோனதாக வீட்டில் சொல்லியிருக்கிறாராம். புதிது வாங்கிக் கொடுத்தேன். அதில் ருசி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தினமும் காலையில் சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு நொடி மெல்ல முனகும். 'ஏலே, சாப்டியா?' என்று பாயே கேட்பதுபோல இருக்கும். "சாப்டேன் பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.